கன்னி மூலைச் சுவர்

மாடி வீட்டைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க? சாவி வர நேரமாகும், தம்பி. அந்தப் புரோக்கர் "தெருமுனையில இருக்கேன்"னு சொன்னா இன்னும் பல் விளக்கலைன்னு அர்த்தம். இப்படி நிழல்ல வாங்க. நாற்காலியை இழுத்துப் போட்டுக்குங்க. ஒரு கால் ஆடும், பாத்து உக்காருங்க.

அங்க டிரம்முல தண்ணி விழுற சத்தம் கேக்குதுல்ல? நிரம்பினா எனக்குச் சொல்லுங்க. பேச ஆரம்பிச்சா எனக்குக் காது கேக்காதாம். என் வீட்டுக்காரி சொல்றது.

ஆடி மாசத்துல வீடு பாக்க வந்தீங்களேன்னு கேக்க மாட்டேன். பாக்கலாம், தப்பில்லை. ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சிக்குங்க. ஆனா அதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது. உங்க வீட்ல வாரத்துல எத்தனை நாள் துணி துவைப்பீங்க?

சிரிக்காதீங்க. சிரிக்கிற விஷயமில்லை. உங்க வீட்டம்மா மெஷின்ல போடுவாங்களா, பாத்ரூம்ல உக்காந்து அடிச்சுத் துவைப்பாங்களா? குழந்தை இருக்கா? வாளியில தண்ணி நிரப்பி விளையாட விடுவீங்களா? ஏன் கேக்குறேன்னா, மாடியில நீங்க ஒரு சொம்புத் தண்ணியைச் சிந்தினா கீழ ஒரு குடும்பம் பிரிஞ்சு போகும். பிரிஞ்சு போயிருக்கு. இதோ, இந்தக் கதவுக்கு உள்ள.

என் பேரு அம்பலவாணன். அரசு பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ஓய்வு பெத்தவன். நடு ரோட்டுல கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, முன்படியில ஒருத்தன் பின்படியில ஒருத்தன்னு ஏறி, "டிக்கெட்டை எடுங்க"ன்னு சொல்லுவோமே, அந்த ஆள். இந்தத் திருச்சியிலேருந்து நாலு திசைக்கும் ஓடுற வண்டிக்கெல்லாம் என்னைத் தெரியும். நான் ஏறினதும் டிக்கெட்டைப் பாக்க மாட்டேன், முகத்தைத்தான் பாப்பேன். டிக்கெட் இல்லாத முகம் மூணு விதம். ஒருத்தன் திடீர்னு தூங்குவான். ஒருத்தன் ஜன்னலுக்கு வெளிய ஏதோ தேர் போற மாதிரி பாப்பான். மூணாவது ஆள் வாயைத் திறப்பான், மூடிக்குவான். அவன்கிட்ட சந்தேகமே வேண்டாம். சொல்ல ஒரு விஷயம் இருக்கும், சொல்லத் துணிச்சல் இருக்காது. அந்த மூணாவது முகத்தை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னால வரும்.

முதல்ல உள்ள வந்து சுவரைப் பாத்துட்டுப் போங்க. செருப்போட வாங்க, பரவாயில்லை. அந்தத் தரையில வெறுங்கால் வைக்க எனக்கே அருவருப்பா இருக்கு.

மூக்கைப் பொத்திக்கிட்டா பொத்திக்குங்க. நனைஞ்ச கோணிச் சாக்கை மடிச்சு ஒரு மூலையில மறந்துட்டா ஒரு நாத்தம் வருமே, அதான். எனக்குப் பழகிருச்சு. இதுதான் எங்க படுக்கையறை. வீடு வாங்கும்போதே சொன்னாங்க, குடும்பத் தலைவன் தென்மேற்குல, கன்னி மூலையிலதான் படுக்கணும்னு. படுத்தோம். இப்ப பூஞ்சைதான் படுத்திருக்கு.

பாருங்க. தரையிலேருந்து என் முழங்கால் வரைக்கும் கறுப்பு. அதுக்கு மேல இடுப்பு வரைக்கும் பச்சையும் சாம்பலும். அதுக்கும் மேல பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிஞ்சு நிக்குது. விரல் வச்சா உப்பாக் கொட்டும். மேல கூரைப் பக்கம் பாத்தீங்களா? சந்தனக் கலர், அடிச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அதான் மாடிக்காரங்க சாமர்த்தியம்.

மாடித் தண்ணின்னா கறை மேலேருந்துதானே வரணும்னு நீங்களும் கேப்பீங்க. பிச்சைன்னு ஒரு கொத்தனாரு வந்தான், அவனும் அதையேதான் கேட்டான். "அய்யா, இது கீழேருந்து ஏறுது. வெளிப்பக்கம் ஒரு நடை பாத்துருவோமா?"ன்னான். "வெளிப்பக்கம் பாக்குறதுக்கு வெளியூர்க்காரன் போதும், உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்?"னு அனுப்பிட்டேன். தண்ணி சுவருக்குள்ளேயே கமுக்கமா இறங்குது தம்பி. அடியில போய்த் தேங்குது. போக வழியில்லாம திரும்பி ஏறுது. கூட்ட வண்டியில பின்படியில ஏறினவன் டிரைவர் பக்கத்துல போய் நிக்கிறதில்லையா? அவன் முன்னால நிக்கிறதால முன்படியில ஏறினான்னு ஆயிடுமா?

இது மழை ஊரா, சொல்லுங்க. அக்னி நட்சத்திரத்துல மலைக்கோட்டைப் பாறையில தோசை வார்க்கலாம். ஊரெல்லாம் காஞ்சு வெடிச்சுக் கிடந்தப்ப என் வீட்டுச் சுவர் மட்டும் ஐப்பசி மாசத்துல இருந்தது. பெயிண்ட் அடிச்சுப் பாத்துட்டேன். தண்ணி புகாத பெயிண்ட், பூஞ்சை வராத பெயிண்ட், எல்லாம் அடிச்சாச்சு. ஒவ்வொரு டப்பா மேலயும் ஒரு குடும்பம் சிரிச்சுகிட்டு நிக்குது. பூராப் பொய்.

எங்க துணிப் பீரோ இந்தச் சுவரோரமாத்தான் இருந்தது. போன வருஷம் கல்யாண நாளுக்குன்னு தையல் அதைத் திறந்தா. தையல்நாயகி, என் சம்சாரம். மாம்பழக் கலர்ல அவளோட கூரைப்புடவை, அவளே சோறு ஆக்குற கையால தொட மாட்டா, குளிச்சிட்டு வந்துதான் தொடுவா. பிரிச்சா மடிப்புக்கு மடிப்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. அவ அழலை. உதறிக் கொடியில போட்டா. உதறினப்ப ஒரு தூசி பறந்தது பாருங்க, அன்னிக்குப் பிடிச்ச இருமல். அப்புறம் இருமல் இழுப்பாச்சு. ராத்திரியில மூச்சு விட முடியாம உக்காந்தே இருப்பா. நானும் உக்காந்திருப்பேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தையெல்லாம் பாத்துட்டு மருந்து எழுதலை, முதல்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாரு: "வீட்ல எங்கயாவது சுவர் பூத்திருக்கா?" தையல் என்னைப் பாத்தா. நான் ஆமான்னேன். "அப்ப அந்த வீட்ல இவங்க இருக்கக் கூடாது"ன்னுட்டாரு.

இப்ப ஈரோட்டுல மக வீட்ல இருக்கா. "சுவர் காயட்டும், வர்றேன்"னு சொல்லிட்டுப் போனா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான்தான் வண்டியோட வெளியூர்ல கிடப்பேன், அவ வீட்ல இருப்பா. இப்ப தலைகீழாப் போச்சு. நான் உப்புமா கிண்டித் தின்னுகிட்டுக் கிடக்கேன்.

வாங்க, வெளிய போயிடுவோம். இங்க நின்னா உங்களுக்கும் இருமல் ஒட்டிக்கும். இப்படிப் பக்கவாட்டுல வாங்க, குழாயைத் தாண்டி வாங்க. இதோ, நம்ம பிள்ளையார். கும்பிட்டுக்குங்க.

இந்தக் குடியிருப்புல உருப்படியா நடந்த காரியம் இது ஒண்ணுதான், அதைச் செஞ்சவன் நான்தான். தையலுக்கு ஒரு பெரிய ஆபரேஷன். கதவுக்கு வெளிய உக்காந்து வேண்டிகிட்டேன், இவ எந்திரிச்சு வந்தா உனக்கு ஒரு இடம் கட்டி என் கையால தினம் குளிப்பாட்டுறேன்பான்னு. எந்திரிச்சு வந்தா. கட்டினேன். பிள்ளையாருக்கும் கன்னி மூலைதான் இடம். அதனால எங்க படுக்கையறைச் சுவரை ஒட்டியே பீடம் எழுப்பினோம். சுவருக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நாங்க. படுத்தபடியே கையை நீட்டினா சாமியைத் தொடுற தூரம். எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்க?

வெறும் சொம்புத் தண்ணியைத் தெளிச்சிட்டுப் போற பூசை இல்லை நம்மது. விடியக் காலையில எந்திரிச்சா குடம் குடமாத்தான். சதுர்த்தின்னா பால், தயிர், இளநீர், அப்புறம் டிரம்முத் தண்ணி. வேலையில இருந்தப்ப முதல் வண்டிக்கு எந்திரிச்ச உடம்பு, படுத்துக் கிடக்கச் சொன்னா கிடக்குமா? அபிஷேகம் முடிஞ்சு அவர் பளபளன்னு உக்காந்திருக்கிறதைப் பாத்தாத்தான் எனக்கு அன்னிக்கு விடியும்.

கட்டினப்ப மேஸ்திரி பீடத்துக்கு அடியில ஒரு குழாய் வச்சு தெருச் சாக்கடைக்கு விட்டுட்டுப் போயிட்டான். கொஞ்ச நாள் நானும் கவனிக்கலை. ஒரு நாள் பாக்குறேன், சாமி மேல பட்ட தண்ணி, பாலும் சந்தனமுமா, சாக்கடையில போய் விழுது. ஒரு நாய் அதுல நிக்குது. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அன்னிக்கே சிமெண்டைக் குழைச்சு நானே அந்தக் குழாயை அடைச்சேன். இப்ப ஒரு சொட்டு வெளிய போகாது. எல்லாம் இந்த மண்ணுலேயே இறங்கிடும். பூமாதேவி வாங்கிக்குறா. பாருங்க, செம்பருத்தி எப்படிக் கொழுத்து நிக்குதுன்னு. காலை அங்க வைக்காதீங்க தம்பி, உள்ள போயிடும். சேறு.

எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, இவ்வளவு புண்ணியம் பண்ணின சுவருக்கு அந்தப் பக்கம் பூஞ்சை பூக்குதுன்னா, யாரோ பாவம் பண்றாங்கன்னுதானே அர்த்தம்? அதைத்தான் விசாரிச்சேன். 

மாடியில இருந்தவர் பெனடிக்ட். காலேஜ் ஆபீஸ்ல வேலை. அவர் சம்சாரம் ஸ்டெல்லா, நர்ஸ். இப்பவே சொல்லிடுறேன், நான் மதம் பாக்குறவன் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவங்க குடுத்த கேக்கை, முட்டை போட்டதுன்னு தெரிஞ்சும், சதுர்த்தி இல்லாத நாளாப் பாத்துத் தின்னவன். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? தையலுக்கு இழுப்பு வந்தா அந்த ஸ்டெல்லா ராத்திரி டூட்டி முடிச்சு வந்த கையோட இறங்கி வருவா. மூச்சுக்கு மருந்துப்புகை விடுற மெஷினைத் தூக்கிட்டு வந்து மாட்டி விடுவா. முதுகைத் தடவிக் குடுப்பா. "உக்காருங்க ஆன்ட்டி, மெதுவா, மெதுவா"ம்பா. தையல் அவ கையைப் பிடிச்சுக்குவா. எனக்கு என்ன தோணும் தெரியுமா? குத்தமுள்ள நெஞ்சு இல்லைன்னா இவ ஏன் இவ்வளவு செய்யணும்? கண்டக்டர் எனக்கு டீ வாங்கிக் குடுத்தான்னா நான் முதல்ல அவன் பையைத்தான் எண்ணுவேன்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல எந்திரிச்சுக் கேட்டேன். "ஒரு மனுஷியோட மூச்சு முக்கியமா, மாடி பாத்ரூம் டைல்ஸ் முக்கியமா?"ன்னு. எல்லாரும் தரையைப் பாக்குறாங்க. செக்ரட்டரி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், துடைக்கிறார், துடைச்சுகிட்டே இருக்கார். பெனடிக்ட்தான் எந்திரிச்சார். "உடைச்சுப் பாத்துருங்க சார். ஆன்ட்டி உடம்புதான் முக்கியம்"னார். ஒரு சண்டை இல்லை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. சண்டை போடாதவனை நான் என்னிக்கும் நம்புறதில்லை. டிக்கெட் எடுத்தவன்தான் தம்பி கத்துவான்.

உடைச்சோம். டைல்ஸுக்கு அடியில மணல் எலும்பு மாதிரி காஞ்சு கிடந்தது. தூசி கிளம்பி எல்லாருக்கும் தும்மல். எனக்கு எவ்வளவு கோவம் வந்திருக்கும்! கூட்டம் நடந்த நாளுக்கும் உடைச்ச நாளுக்கும் நடுவுல எத்தனை நாள் இருந்தது? காய வச்சிருக்காங்க. ஃபேனைப் போட்டுக் காய வச்சிருக்காங்க. செக்ரட்டரிகிட்டச் சொன்னேன். மறுபடியும் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறார்.

அப்புறம் ஒரு நாள் காலையில, நான் அபிஷேகம் முடிச்சு உள்ள போய்த் துண்டை மாத்திட்டுத் திரும்ப வர்றேன். பெனடிக்ட் செருப்பைக் கழட்டித் தள்ளி வச்சுட்டு, இதோ இந்த இடத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் பாத்துகிட்டிருக்கார். "என்ன சார், எங்க ஆளு கட்சிக்கு வரப் போறீங்களா?"ன்னு கேட்டேன், தமாஷாத்தான். முகம் செத்துப் போச்சு. "இல்ல சார்... இந்த மண்ணு ரொம்ப..."ன்னார். நிறுத்தினார். பிள்ளையாரைப் பாத்தார், என்னைப் பாத்தார், சுத்தி இருக்கிற ஜன்னலையெல்லாம் பாத்தார். வாயைத் திறந்தார், மூடிட்டார். கையை வேட்டியில துடைச்சுகிட்டு மாடிக்குப் போயிட்டார்.

வந்துதா மூணாவது முகம்? சொன்னேன்ல?

அதுக்கு மேல எனக்குச் சாட்சி வேண்டியிருக்கலை. ஆனா சாமியே சாட்சி குடுத்தாரு, அதையும் கேளுங்க.

பங்குனியில லால்குடியில என் பெரியப்பா மகன் தவறிப் போனான். பங்காளி. பதினாறாம் நாள் காரியம் முடியுற வரைக்கும் எங்களுக்குத் தீட்டு. பிள்ளையார் பக்கம் நான் போகக் கூடாது. எட்டு வீடு இருக்கு இங்க. "நான் இல்லாத நாள்ல யாராவது ரெண்டு குடம் ஊத்துங்கப்பா"ன்னு எல்லார் வீட்டுக் கதவுக்கு வெளியவும் நின்னு சொல்லிட்டு வந்தேன். ஒருத்தர்? ஒரு சொம்பு? ஊத்தலை. பூ மட்டும் வச்சாங்களாம். வெயில்ல அவர் மேல காக்கா எச்சம் காஞ்சு கிடந்ததை ஜன்னல் வழியா பாத்தேன். செம்பருத்தி தலையைத் தொங்கப் போட்டுருச்சு. தீட்டு வீட்ல உக்காந்துகிட்டு செத்தவனுக்காக அழுதேனா, பிள்ளையாருக்காக அழுதேனான்னு தெரியாது.

அதே சமயத்துல பெனடிக்ட் குடும்பமும் ஈஸ்டருக்குன்னு ஸ்டெல்லாவோட அம்மா ஊருக்குப் போயிடுச்சு. மாடி பூட்டிக் கிடந்தது.

சுவர் மாறிச்சு தம்பி. கண் முன்னால மாறிச்சு. கறுப்பு சாம்பலாச்சு, சாம்பல் பொடியா உதிர்ந்தது. பெருக்கி முறத்துல அள்ளினேன். கையை வச்சா சூடு. சூடு! வெயில் அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் வருது! ராத்திரி அந்தச் சுவர்ல முதுகைச் சாய்ச்சு உக்காந்து ஈரோட்டுக்கு போன் பண்ணினேன். "காஞ்சிருச்சு தையல். வா"ன்னேன். "நிஜமாவா?"ன்னா. "உன் மேல சத்தியமா"ன்னேன்.

காரியம் முடிஞ்ச மறுநாள் வந்துட்டா. பஸ் ஸ்டாண்டுல போய்ப் பையை வாங்கிகிட்டேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டலை, நேரா இந்தச் சுவருகிட்டப் போய் உள்ளங்கையால தட்டித் தட்டிப் பாத்தா. கைக்குழந்தை முதுகைத் தட்டுற மாதிரி. அன்னிக்கு ராத்திரி இருமாமத் தூங்கினா. நான் தூங்கலை. அவ மூச்சு சத்தம் சீரா வர்றதைக் கேட்டுகிட்டே கிடந்தேன். அப்படி ஒரு பாட்டுக் கச்சேரி எனக்கு எங்கயும் கிடைச்சதில்லை.

பிள்ளையாருக்கு நன்றி சொல்ல வேண்டாமா? பதினாறு நாள் பட்டினி போட்டிருக்கேனே! மறுநாளே ஆரம்பிச்சு, விட்டுப் போனதையெல்லாம் சேத்து வச்சு ஊத்தினேன். குடம் போதலைன்னு குழாயையே நீட்டிப் பிடிச்சேன். செம்பருத்தி அன்னிக்கே நிமிர்ந்துருச்சு. அந்த வாரமே பெனடிக்ட் குடும்பமும் ஊர்லேருந்து திரும்பிச்சு.

அவ்வளவுதான். அஞ்சாறு நாள்தான். சுவர் வேர்த்துது. அப்புறம் கறுத்துது. தையலுக்கு இழுப்பு வந்துருச்சு. மக மங்கை போன்ல கத்துறா, "அப்பா, அம்மாவை உடனே பஸ் ஏத்துங்க"ன்னு. ஏத்தினேன்.

இதுக்கு மேல என்ன வேணும், சொல்லுங்க. மாடிக்காரங்க இல்லாதப்ப காஞ்சுது, வந்ததும் நனைஞ்சுது. எந்தக் கோர்ட்டுல வேணாலும் நிப்பேன் நான்.

பஸ் ஸ்டாண்டுல வச்சு அவ ஒண்ணு சொன்னா. எப்பவும் கேலிப் பேச்சுதான் அவளுக்கு. "ஏங்க, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டீங்களே?"

"சொல்லு."

"தினம் இவ்வளவு தண்ணி ஊத்துறீங்களே, பிள்ளையாருக்குச் சளி பிடிக்காதா? கொஞ்ச நாளைக்கு அருகம்புல்லை மட்டும் வச்சுப் பாருங்களேன்."

எனக்கு எங்கேருந்துதான் வந்துதோ கோவம். அத்தனை ஜனத்துக்கு நடுவுல சத்தம் போட்டுட்டேன். "உன் உசுருக்காக வச்ச சாமிடி அவரு! அவரைப் பட்டினி போடச் சொல்றியா? மறுபடி உனக்கு ஏதாவது ஒண்ணு ஆனா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?"னு. பக்கத்துல முறுக்கு வித்தவன்கூடத் திரும்பிப் பாத்தான். அவ "இல்லைங்க, சும்மா சொன்னேன்"னா. ஏறி உக்காந்தா. "டிக்கெட் எடுத்துட்டியா?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டிட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்துகிட்டா. அங்க ஒண்ணுமே இல்லை, வெறும் மதில் சுவர்தான் இருந்தது. வண்டி கிளம்புற வரைக்கும் அதையே பாத்துகிட்டிருந்தா. ரெண்டாவது முகம்னு நினைச்சுடாதீங்க. அவ என் பொண்டாட்டி. 

வீட்டுக்கு வந்தேன், நேரா மாடி ஏறினேன். என்னென்ன பேசினேன்னு எனக்கே முழுசா ஞாபகம் இல்லை. "என் குடும்பத்தைக் குலைச்சுட்டீங்க, நீங்க நல்லாயிருக்க மாட்டீங்க"ன்னதுமட்டும் ஞாபகம் இருக்கு. வீட்டு ஓனருக்குப் போன் பண்ணினேன், சங்கத்துல கையெழுத்து வாங்கினேன். ஒவ்வொருத்தரும் தலையைக் குனிஞ்சுகிட்டே கையெழுத்துப் போட்டாங்க. சித்திரை முடியறதுக்குள்ள காலி பண்ணிட்டாங்க.

போற அன்னிக்கு ரெண்டு பேரும் கீழ வந்தாங்க. ஸ்டெல்லா அந்த மூச்சு மெஷினை என் கையில குடுத்தா. "ஆன்ட்டி வந்தா வேணும். வச்சுக்குங்க"ன்னா. குரல்ல ஒட்டு உறவு இல்லை. "அய்யா, ஒண்ணு கேக்குறேன். எங்க பாத்ரூமை உடைச்சீங்க. அடியில என்ன இருந்துச்சு?"

"ஸ்டெல்லா, விடு"ங்குறார் பெனடிக்ட்.

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? நான் சொல்லப் போறதில்லை. அய்யாவே பாத்துக் கண்டுபிடிச்சாத்தான் உண்டு. எங்க வாயால சொன்னா அது வேற கதையாயிடும்."

கேட்டீங்களா? எங்க வாயால சொன்னா! அப்ப சொல்றதுக்கு ஏதோ இருக்குன்னு அவங்களே ஒத்துக்குறாங்கல்ல? நான் பெனடிக்டைப் பாத்தேன். "சொல்லுங்க சார். இப்பவாவது உண்மையைச் சொல்லிட்டுப் போங்க"ன்னேன். அவர் பிள்ளையாரைப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். வாயைத் திறந்தார். "ஆன்ட்டியை நல்லாப் பாத்துக்குங்க சார்"னு சொல்லிட்டு வண்டியில ஏறிட்டார்.

பிடிபட்டவன் அபராதத்தைக் கட்டிட்டு இறங்கிப் போற மாதிரியே போனார்.

இப்ப மாடி காலியாத்தான் கிடக்கு, மூணு மாசமா. ஒரு சொட்டுத் தண்ணி மேல கிடையாது. சுவர் காஞ்சுதான்னு கேக்குறீங்களா? நீங்கதான் இப்ப பாத்தீங்களே. முன்னைவிட மோசம். பீரோவை ஹாலுக்கு மாத்தினேன், அங்கயும் தரை ஓரம் கறுக்குது.

இல்லை, அதுக்குக் காரணம் இருக்கு. வருஷக்கணக்கா குடிச்ச சுவர், ஒரே நாள்ல விட்டுடுமா? குடிகாரன் கடை மூடின பிறகும் கொஞ்ச நேரம் ஆடுவான்ல? அப்புறம் பக்கத்து மனைக்காரன் புதுசா போர் போட்டிருக்கான். அவனையும் விசாரிக்கணும். விட மாட்டேன்.

ஆனா நாள் இல்லை தம்பி. மங்கை சொல்லிட்டா. "ஆவணிக்குள்ள சுவர் காயலைன்னா பீரோவுக்கு வண்டி அனுப்புறேன். அம்மா இங்கேயே இருக்கட்டும். நீங்களும் வந்துடுங்கப்பா"ங்குறா. நான் போயிட்டா இவருக்கு யாரு? ஒரு சொம்புகூட ஊத்தாத ஜனம். பீரோ போச்சுன்னா அவ போயிட்டான்னு அர்த்தம். பொண்டாட்டி புடவை இல்லாத வீட்டை வீடுன்னு சொல்லுவாங்களா? போன்ல தையலைக் குடுன்னேன். "அம்மாவுக்கு மூச்சு வாங்குது, பேச வேணாம்"னுட்டா மங்கை. பின்னால தையல் குரல் கேட்டுது. "நல்லாத்தான் இருக்கேன், குடுடி"ன்னு சொன்னா. குடுக்கலை.

அதான் நேத்து வேண்டிகிட்டேன். இன்னிக்குச் சங்கடஹர சதுர்த்தி. நூத்தியெட்டுக் குடம்.

டிரம் நிரம்பிருச்சா? நிரம்பினா சொல்லுங்கன்னேனே! சரி, போகட்டும், வழிஞ்சா வழியட்டும். இந்த மண்ணுக்குத்தானே போகுது.

எந்திரிங்க தம்பி. நல்ல நாள்ல வந்திருக்கீங்க. செருப்பை அங்க விடுங்க, காலைக் கழுவிக்குங்க. எனக்கு முட்டி ஒத்துழைக்காது, குனிஞ்சு நிமிர முடியலை. நான் மொண்டு தர்றேன், நீங்க ஊத்துங்க. புதுசாக் குடி வர்றவங்க கையால ஊத்தினா பிள்ளையாருக்கும் சந்தோஷம். இந்தாங்க, பித்தளைக் குடம், கனமா இருக்கும். முதல் குடம் தையல்நாயகி பேருக்கு.

என்ன பாக்குறீங்க? குடத்தைப் பாக்குறீங்க. சுவரைப் பாக்குறீங்க. காலுக்குக் கீழ மண்ணைப் பாக்குறீங்க.

ஏதோ சொல்ல வந்தீங்களே? வாயைத் திறந்தீங்களே?

ஒண்ணுமில்லையா?

இந்த முகம் உங்களுக்கு எதுக்கு, தம்பி? நீங்க இன்னும் குடியே வரலையே.

...சரி, விடுங்க. ஊத்துங்க. அப்படிச் சொட்டுச் சொட்டா இல்லை, அவர் தலை முழுகணும். நல்லாத் தாராளமா ஊத்துங்க. எனக்குச் சுவர் காயணும்.